நாளைக்கு வாரேன்

சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும். என் மனைவி அதை மதித்ததே இல்லை. ஒத்தக்கடையில் என் பெரியப்பா மகன் இறந்தபோது, அந்த அண்ணன் பெண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கு வாரேன்க்கா" என்றாள். கூட்டமே திரும்பிப் பார்த்தது. எனக்கு மானம் போயிற்று. வைகைப் பாலம் வரும்வரை மாட்டு வண்டியில் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

"அம்புட்டுப் பேரும் வாயை மூடிக்கிட்டுப் போயிட்டா, இனிமே நம்ம வாசலுக்கு யாரு வருவாகன்னு அந்த அக்கா நெனைக்காதா?" என்றாள். மறுநாள் சோற்றுச் சட்டியோடு அங்கே போய் நின்றாள்.

அவள் காய்ச்சலில் இறந்த அன்று, வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, என் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கினார்கள். வழக்கம் அதுதான், யார்மேலும் தப்பில்லை. ஆனால் அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை.

பிறகு விளாங்குடியில் என் கூட்டாளி இறந்தான். கிளம்பும்போது அவன் மனைவியிடம், "நாளைக்கு வாரேன்மா" என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தனியாக நடந்து வந்தேன். என்னைத் திட்டிக்கொண்டு வரத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.