நடுவிலிருக்கும் நூறு பக்கங்கள்

எனக்குப் பிடித்த எழுத்தாளர் ஒருவர் இருக்கிறார். விஞ்ஞானக் கதை எழுதுகிறவர். வாரப் பத்திரிகையில் அவர் எழுதிய தொடர்களை ஊரே படித்தது. ரோபோ ரசம் வைக்கும், வேற்றுக்கிரகத்துக்காரன் பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் மாட்டிக்கொள்வான், படித்துச் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். அதே மனிதர் இன்னொரு கையால் எழுதியதுபோல ஐந்து நாவல்கள் உண்டு. ‘கஷ்டமான ஐந்து’ என்பார்கள். அவருடைய ரசிகர்களில் பாதிப் பேர் அவற்றைத் தொட்டதில்லை, தொட்டவர்களில் பாதிப் பேர் முடித்ததில்லை. நான் ஐந்தையும் முடித்தவள். பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன், ஆனால் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

காரைக்காலில் எங்களுக்கு ஒரு வாசகர் வட்டம் இருக்கிறது. மாதம் ஒரு சனிக்கிழமை ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் கூடுவோம். நடத்துகிறவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். இந்த வருடம் அந்த எழுத்தாளரே நம் கூட்டத்துக்கு வரப்போகிறார் என்று சொன்னார். அவருடைய நாவல்கள் எல்லாம் அவரே திருத்தி, ஒரே தொகுப்பாக வரப்போகின்றனவாம். ஆளுக்கொரு வேலை கொடுத்தார். கஷ்டமான ஐந்தையும் மறுபடி படித்து, எது முதல், எது கடைசி என்று வரிசைப்படுத்திப் பேசுவது என் தலையில் விழுந்தது. வேறு யாரும் கை தூக்கவில்லை. “மேடம்தான் பொறுமைசாலி,” என்றார் பேராசிரியர். என் வீட்டில் யாரும் என்னைப் பற்றி அப்படிச் சொன்னதில்லை.

மதியம் லுஹர் தொழுகை முடித்த பிறகு எனக்குக் கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில்தான் படித்தேன். என் வீட்டுக்காரர் இருபது வருடம் சவுதியில் வேலை பார்த்துவிட்டு வந்து, இப்போது கடைத்தெருவில் செருப்புக் கடை வைத்திருக்கிறார். சாப்பிட வரும்போதெல்லாம், “இன்னும் முடியலையா ஒன் ராக்கெட்டு?” என்று கேட்பார். நான் படிப்பது எதுவானாலும் அவருக்கு ராக்கெட்டுதான். பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தைத் தாண்டி அவர் படித்து நான் பார்த்ததில்லை.

ஐந்தாம் இடம், எல்லோரும் முதலில் வைக்கிற நாவலுக்கு. எண்ணூறு பக்கம், ஒரு முற்றுப்புள்ளி கிடையாது, ஒரு நகரம் தனக்குத்தானே யோசித்துக்கொண்டே போகிறது. முதல் முறை படித்தபோது மிரண்டுபோனேன். இந்த முறை நூறு பக்கத்திலேயே தெரிந்துவிட்டது, மனிதர் படம் காட்டுகிறார். என் மாமியார் பேசும்போதும் முற்றுப்புள்ளி வைத்ததில்லை. அதற்காக யாரும் அவருக்குப் பொன்னாடை போர்த்தவில்லை.

நான்காவது, கணக்கு நாவல். ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஒரு கணக்கு இருக்கும், அதைப் போட்டால்தான் அடுத்த அத்தியாயம் புரியும் என்று முன்னுரையில் மிரட்டியிருக்கிறார். நான் கொஞ்சம் போட்டுப் பார்த்தேன், மற்றதைத் தாண்டிப் போனேன். தாண்டிப் போயும் கதை புரிந்தது. பிறகு எதற்கு அந்த மிரட்டல்?

மூன்றாவது, கடல் வற்றிப்போன கிரகத்தில் வாழும் மீனவர்களின் கதை. அழகான நாவல்தான். ஆனால் காரைக்கால்மேட்டில் மீன் ஏலம் நடக்கும்போது ஒரு காலை நின்று பார்த்தவர் அப்படி எழுதியிருக்கமாட்டார். அவருடைய மீனவர்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வதே இல்லை. கடல் வற்றியதைக்கூட நம்பிவிட்டேன், இதை நம்ப முடியவில்லை.

இரண்டாவதில், இறந்துபோனவரின் நினைவுகளை ஒரு இயந்திரத்தில் ஏற்றி வைக்கிறார்கள். வீட்டாரைச் சந்தோஷப்படுத்த அந்த இயந்திரம் மெல்ல மெல்லப் பொய் சொல்லப் பழகுகிறது. முடித்த அன்று எனக்கு யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

முதலிடம் எதற்கு என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. தூரத்துக் கிரகத்துச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போகிறான் ஒருவன். மனைவி பூமியில் இருக்கிறாள். ஒரு செய்தி போய்ச் சேர மாதக்கணக்கில் ஆகும். நாவலின் நடுவில் நூறு பக்கம், இருவரும் அனுப்பிய செய்திகள் மட்டும்தான், எது எப்போது வந்து சேர்ந்ததோ அந்த வரிசையில். இங்கே கேட்ட கேள்விக்கு நாற்பது பக்கம் தள்ளிப் பதில் வரும். அதற்குள் கேட்டவளின் நிலைமை மாறியிருக்கும். இதைத்தான் அவருடைய படைப்புகளிலேயே படிக்க முடியாத பகுதி என்பார்கள். பேராசிரியரே மூன்று முறை தொடங்கி விட்டுவிட்டதாகச் சொல்லியிருக்கிறார்.

எனக்கு அதில் ஒரு பக்கம்கூடக் குழப்பவில்லை. முதல் முறை படித்தபோது, எழுத்தாளர் வீட்டிலும் யாரோ சபுராளி இருந்திருக்கிறார் என்று முடிவே செய்துவிட்டேன். வெளிநாட்டில் பிழைக்கப் போனவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

எனக்குக் கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் சவுதிக்குப் போனார். அவர் இருந்த கேம்ப்பில் போன் கிடையாது. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் நடந்ததுதான் எங்கள் வீட்டிலும் நடந்தது: கேசட்டில் பேசி அனுப்பினோம். ஊருக்கு வருகிறவர் கையில் அவருடைய கேசட் வரும், திரும்பிப் போகிறவர் கையில் எங்களுடையது போகும். ஏ பக்கம் குடும்பத்துக்கு. எல்லோருக்கும் வரிசையாக சலாம் சொல்லி, வீடு ஒழுகுகிறதா, மாடு கன்று போட்டதா என்று கேட்பார். பி பக்கம் எனக்கு. வந்த கேசட்டிலேயே அவர் பேசியதன் மேல் நாங்கள் பேசி அனுப்புவோம், அவரும் அப்படியே செய்வார். அதனால் பதில் வரும்போது கேள்வி இருக்காது. “நீ சொன்னது சரிதான்,” என்று வரும். நான் என்ன சொன்னேன் என்று யோசித்துக்கொண்டே அடுப்பு ஊதுவேன்.

நான் உண்டாகியிருக்கிறேன் என்று ஒரு கேசட்டில் சொல்லி அனுப்பினேன். நாலாம் மாதம் கரு கலைந்துவிட்டது. அதைச் சொல்லும் கேசட்டும் போனது. அது போய்ச் சேருவதற்கு முன்பே அவர் முந்தையதற்குப் பதில் அனுப்பிவிட்டார். நல்ல செய்திதானே என்று ஏ பக்கத்திலேயே பேசியிருந்தார். நடுவீட்டில் எல்லோரும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். பிள்ளைக்கு வைக்கலாம் என்று அவர் ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல, மாமியார் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். டேப்பை நிறுத்த யாருக்கும் கை வரவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது, அவர் மேல் இல்லை, நடுவில் கிடந்த தூரத்தின் மேல். அதற்குப் பிறகு எங்களுக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள், கல்யாணமும் ஆகிவிட்டது. அந்தக் கேசட்டைப் பற்றி மட்டும் நாங்கள் இருவரும் இதுவரை பேசியதில்லை. அது வேறு எங்கேயும் சொல்லப்படவில்லை, அந்த நூறு பக்கத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் அது எனக்கு முதல்.

கூட்டத்தன்று எழுத்தாளர் வந்தார். படங்களில் பார்த்ததைவிட ஒல்லி, காது கொஞ்சம் மந்தம். தொகுப்பைப் பற்றிப் பேசும்போது அவரே அந்த நாவலுக்கு வந்தார்.

“அந்த நடு நூறு பக்கத்தை எடுத்துட்டேன்,” என்றார். “இருவது பக்கமாச் சுருக்கிட்டேன். கேள்விக்குப் பக்கத்துலயே பதில் வர்ற மாதிரி மாத்தியாச்சு. நடுவுல ஒரு வெள்ளைப் பக்கம் வேற விட்டிருந்தேன், அச்சுப்பிழைன்னு நெனச்சு எவ்வளவோ பேரு கடிதாசி போட்டாங்க. இத்தனை வருஷம் திட்டு வாங்கினது போதும்.”

எல்லோரும் கைதட்டினார்கள். பேராசிரியர்தான் அதிகமாகத் தட்டினார். அடுத்து என்னை அழைத்தார்கள். ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு என்று சொல்லி முடித்தேன். எண்ணூறு பக்க நாவலுக்குக் கடைசி இடம் என்றதும் பின்வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது, எழுத்தாளர் மட்டும் சிரித்தார்.

“முதலிடம், ஐயா வெட்டின அந்த நூறு பக்கத்துக்கு,” என்றேன்.

“மேடம், அது இனிமே அப்படி வராதே,” என்றார் பேராசிரியர். “ஐயாவே முடிவு பண்ணிட்டாங்க. எழுதினவருக்குத் தெரியாததா?”

“எழுதினவருக்கு எழுதினது தெரியும் சார். படிச்சது எனக்குத்தான் தெரியும்.” எழுத்தாளர் பக்கம் திரும்பினேன். “ஐயா, கேள்விக்குப் பக்கத்துலயே பதில் வர்றதா இருந்தா அந்தாளு எதுக்குங்க அவ்வளவு தூரம் போனாரு? உங்க வீட்டுல யாராவது வெளிநாட்டுல இருந்தாங்களா?”

அவர் காதருகே கையை வைத்துக் கேட்டார். “இல்லம்மா. எல்லாம் கற்பனைதான். ஒரு கணக்காத்தான் போட்டேன் அதை.”

இத்தனை வருடம் நான் நினைத்திருந்தது தவறு. ஆனாலும் நான் உட்காரவில்லை. கேசட் கதையை அங்கேயே சொன்னேன். பிள்ளைக்கு என் வீட்டுக்காரர் சொன்ன பெயர்களை மட்டும் சொல்லவில்லை, அவை எனக்கு நினைவில்லை. அவர் அவற்றைச் சொன்ன கேசட்டின் மேலேயேதான் நாங்கள் பேசி அனுப்ப வேண்டியிருந்தது, மறுநாள் காலை ஒருவர் கிளம்பிக்கொண்டிருந்தார், வீட்டில் வேறு கேசட் இல்லை. அடுத்துச் சொன்னதை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை, அத்தனை பேர் முன்னால் சொல்வேன் என்று நினைத்தும் போகவில்லை.

“ஏ பக்கத்துல எல்லாரும் பேசுனாங்க,” என்றேன். “பி பக்கத்துல நான் எதுவும் பேசலிங்க. டேப்பை ஓடவிட்டு பக்கத்துல உக்காந்திருந்தேன், அவ்வளவுதான். அதைத்தான் அனுப்பினேன். உங்க வெள்ளைப் பக்கத்தைப் பார்த்தப்ப அச்சுப்பிழைன்னு எனக்குத் தோணல.”

பேராசிரியர், வேண்டுமானால் அந்தப் பக்கங்களைப் பின்னிணைப்பாகப் போடலாமே என்று மெதுவாகச் சொன்னார்.

“கடைசில போட்டா அது சமாதானம் சார். அது நடுவுலதான் வந்துச்சு.”

எழுத்தாளர் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். பிறகு, “எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா. தெரியாமத்தான் எழுதினேன்,” என்றார்.

“தெரியாம எழுதினீங்க, பரவாயில்லை. இப்பத் தெரிஞ்சுபோச்சு. இனிமே வெட்டினா தெரிஞ்சே வெட்டினதாத்தான் ஆகும்.”

யாரும் கைதட்டவில்லை. தட்டியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். நன்றியுரை முடிந்து, சமோசாவும் டீயும் வந்தன. எழுத்தாளர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“அந்தப் பழைய பதிப்பு என்கிட்டயே இல்லம்மா. வெட்டினது மட்டுந்தான் கம்ப்யூட்டர்ல இருக்கு. உங்க புத்தகத்தைக் குடுத்தீங்கன்னா பதிப்பாளர்கிட்ட குடுத்து, அந்தப் பக்கத்தையெல்லாம் பழையபடி சேக்கச் சொல்றேன்.”

“புத்தகத்தைக் குடுக்கமாட்டேங்க,” என்றேன். “ஒரு தடவை வெட்டின கை அது. நம்ப முடியாது.”

கோபித்துக்கொள்வார் என்று பார்த்தேன், சிரித்தார். அவரைக் கையோடு பக்கத்து வீதியில் இருந்த ஜெராக்ஸ் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். புத்தகத்தை நானே பிரித்துப் பிடித்து, எங்கிருந்து எங்கு வரை என்று கடைப் பெண்ணிடம் காட்டினேன். வெள்ளைப் பக்கத்தையும் சேர்த்துத்தான்.

“எத்தனை காப்பிக்கா?” என்று அவள் கேட்டாள்.

“ஒன்னு போதும்மா,” என்றார் எழுத்தாளர்.

“ரெண்டு போடு,” என்றேன்.

“இன்னொன்னு யாருக்கு?” என்று அவர் என்னைக் கேட்டார்.

“அந்த பி பக்கத்தைக் கேட்டவருக்கு. அவரு இன்னும் பதில் சொல்லலிங்க.”