பெறாமகளின் முதலாவது தெரிவு

ஜேர்மனியில் மருந்துக்கடைக்குப் போய்த் தலையிடிக்கு ஒரு பெட்டி மாத்திரை வாங்கினால், மாத்திரையோடு சேர்த்துக் காகிதக் கைக்குட்டைப் பொதி ஒன்றையும் நீட்டுவார்கள். எனக்குத் தடிமன் சளி ஒன்றும் இல்லையே என்று சொல்லத் தேவையில்லை. அது எல்லோருக்கும் கொடுக்கிற ஒன்று. வந்த புதிதில், என் முகம் அழுமூஞ்சியாகத் தெரிகிறதாக்கும் என்று நினைத்து வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்த்திருக்கிறேன். இப்போது பல வருடங்களாக அப்படியான ஒரு கடையில்தான் எனக்கு வேலை. இங்கே அதை அப்போதேக் என்பார்கள். காலையில் கடை திறப்பதற்கு முன் நிலம் துடைத்து, கண்ணாடித் தட்டுகளைத் துடைத்து, சுவர் உயரத்துக்கு அடுக்கியிருக்கும், இழுத்துத் திறக்கிற லாச்சிகளின் வெளிப்பக்கத்தைத் துடைக்க வேண்டும். லாச்சிகளுக்குள்ளே மருந்துகள் அகரவரிசையில் நிற்கும். உட்பக்கத்தைத் துடைக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை. நான் துடைப்பேன்.

ஒருநாள் அப்படித் திறந்த லாச்சியோடு நின்று, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் விளக்கத்தாளை வாசித்துக்கொண்டிருந்தேன். கடைக்காரியான கெல்லர் அம்மா பின்னால் வந்து நின்றது தெரியவில்லை. "ஷ்மேர்ட்சன்?" என்று கேட்டார். எங்கேயாவது நோகிறதா என்று அர்த்தம். இல்லையென்று தலையாட்டினேன். நான் ஏதோ வருத்தத்தை மறைக்கிறேன் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். போகும்போது என் பைக்குள் தொண்டை நோவுக்கான இனிப்புகளைப் போட்டுவிட்டார். எனக்கு நொந்தது தொண்டை இல்லை. அதை விளக்க என்னிடம் ஜேர்மன் காணாது.

அந்தக் கிழமைதான் முல்லைத்தீவிலிருந்து அக்காவின் மகள், என் பெறாமகள் நிரோசா தொலைபேசி எடுத்திருந்தாள். உயர்தரப் பரீட்சை முடிவு வந்துவிட்டது. டொக்டராகப் படிக்கப் புள்ளி காணாதாம், ஆனால் மருந்தாளர் படிப்புக்குத் தாராளமாகக் காணுமாம்.

"இனி எந்த ஊரெண்டுதான் யோசிக்க வேணும், சின்னம்மா. கண்டி, யாழ்ப்பாணம், காலி மூண்டையும் பாத்துக்கொண்டிருக்கிறன்."

புடவைக்கடையில் சேலை பார்க்கிறவள் போல மூன்று ஊரைப் பார்க்கிறாள். "சந்தோசம் பிள்ளை" என்றேன். எனக்கு வயிறு எரிந்தது. எழுதுவதற்கு வெட்கமாக இருந்தாலும் எழுதத்தான் வேண்டும். முள்ளிவாய்க்காலில் மூன்று வயதுப் பிள்ளையாக அவளை என் இடுப்பில் சுமந்துகொண்டு தண்ணீருக்குள்ளால் நடந்தவள் நான். அவள் பிழைக்க வேண்டும் என்பதைத் தவிர அன்றைக்கு வேறொன்றும் கேட்டதில்லை. அவள் பிழைத்து, வளர்ந்து, எனக்குக் கிடைக்காததைத் தெரிவு செய்கிற இடத்தில் வந்து நின்றபோது எனக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் நாட்டில் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கிற முறையை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். எந்தப் படிப்பு, எந்த ஊர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு உண்டு. விருப்பமான வரிசையில் அவற்றைப் போட வேண்டும். புள்ளி போதுமானால் பட்டியலில் மேலே இருப்பது கிடைக்கும். அதன் பிறகு கீழே இருப்பதைத் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். ஆகவே முதலாவதாக எதை எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நானும் ஒருகாலத்தில் மருந்தாளர் படிப்புக்கு அந்தப் படிவத்தை நிரப்பினேன். யாழ்ப்பாணத்தை முதலாவதாக எழுதினேன். கிட்ட இருக்கிறது, வீட்டுக்கு வந்து போகலாம், பயமில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். என்னோடு படித்தவள் ஒருத்தி கண்டியை எழுதினாள். பிறகு சண்டை மறுபடி தொடங்கி, யாழ்ப்பாணம் போகிற வழியில் முகமாலையில் பாதை பூட்டப்பட்டது. கிட்ட இருந்த யாழ்ப்பாணம் போகவே முடியாத ஊராகிவிட்டது. கண்டிக்காரி தெற்கே ஓமந்தைச் சோதனைச்சாவடிப் பக்கத்தால் பயண பாஸ் எடுத்துக்கொண்டு ஒருவழியாகப் போய்விட்டாள். எனக்கு வந்த அனுமதிக் கடிதம் அலுமாரிக்குள் கிடந்து அலுமாரியோடு போனது. சண்டை முடிந்து வவுனியா முகாமில் இருந்தபோது மறுபடி விண்ணப்பித்திருக்கலாம். சிலர் கேட்டுச் சேர்ந்தார்கள். நான் கேட்கவில்லை. ஜேர்மனி மாப்பிள்ளை என்று பேச்சு வந்தது, சரி என்றேன்.

கெல்லர் அம்மாவிடம் பெறாமகளின் கதையைச் சொன்னபோது கையைப் பிடித்துக் குலுக்கினார். உனக்கு எவ்வளவு பெருமையாக இருக்கும் என்றார். "யா" என்றேன். மூன்று ஊரில் எது என்று முடிவாகவில்லை என்றதும் அவருக்கு அதிலே யோசிக்க என்ன இருக்கிறதென்று விளங்கவில்லை. எந்த ஊரில் வாழப் பிடிக்கிறதோ அங்கே போகட்டும், என் மகன் ஆற்றங்கரை அழகாக இருக்கிறதென்று ஒரு நகரத்துக்குப் படிக்கப் போனான் என்றார். நாங்கள் எந்தப் பாதை முதலில் பூட்டுப்படும் என்று யோசித்து ஊர் தெரிவு செய்கிறவர்கள் என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது? சிரித்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

விண்ணப்ப முடிவுத் திகதிக்கு நாலு நாள் இருக்கும்போது விடுமுறையில் முல்லைத்தீவு போய்ச் சேர்ந்தேன். அக்கா குசினியில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். நிரோசா கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கண்டி, யாழ்ப்பாணம், காலி என்று வரிசையாக எழுதி வைத்திருந்தாள்.

"கண்டியில ஆர் இருக்கினம் எங்களுக்கு?" என்றாள் அக்கா. "யாழ்ப்பாணமெண்டால் வெள்ளிக்கிழமை பஸ் ஏறினால் பின்னேரம் வீட்டை நிப்பாய்."

"அதுதான் எனக்கு வேண்டாமம்மா. ஒவ்வொரு வெள்ளியும் வீட்டை வாறதெண்டால் நான் எப்ப அங்க இருக்கிறது? கண்டியில ஆரும் என்னை ஆரின்ர மகளெண்டு கேக்கமாட்டினம்."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லடி. நீதானே மருந்துக்கடையில வேலை செய்யிறனி."

அந்தக் கடையில் எனக்கு என்ன வேலை என்று ஊரில் ஒருவருக்கும் நான் சொன்னதில்லை. வெள்ளை மேலங்கி போட்டுக்கொண்டு மருந்து கொடுக்கிறேன் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். நானும் விட்டுவிட்டேன். இப்போது அந்த வெள்ளை மேலங்கியின் மதிப்போடு வாய் திறந்தேன்.

"யாழ்ப்பாணத்தை முதல் போடு பிள்ளை. கிட்ட இருக்கிறதுதான் பாதுகாப்பு."

என் வாழ்க்கையைக் கெடுத்த அதே வார்த்தை. சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது.  நிரோசா பேனையை எடுத்துக் கண்டியை வெட்டிக் கீழே எழுதினாள். "நீங்கள் சொன்னால் சரியாத்தான் இருக்கும்" என்றாள். அக்காவுக்குப் பிடிபடாத சந்தோசம். உடனே போய் மாதா சுரூபத்துக்கு மெழுகுதிரி கொளுத்தி, யாழ்ப்பாணம் என்று ஊர்ப் பெயரையும் சொல்லி நேர்த்தி வைத்தாள். எனக்கு இறாலைப் பொரித்துத் தந்தாள். நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

அடுத்த நாள் காலை படிவத்தை அனுப்புவதற்கு நிரோசா என்னை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு முல்லைத்தீவு ரவுணில் இருக்கும், கணினியில் படிவம் அனுப்பித் தருகிற கொமினிகேசன் கடைக்குப் போனாள். எங்களுக்கு முன்னால் ஒரு தாயும் மகனும் கணினிக்குப் பக்கத்தில் இருந்தார்கள். நாங்கள் மரவாங்கில் இருந்தோம்.

"சின்னம்மா, உங்களுக்கும் இதே படிப்புக் கிடைச்சதெண்டு அம்மா சொன்னவா. நீங்கள் எந்த ஊரை முதல் போட்டனீங்கள்?"

"யாழ்ப்பாணம்."

"ஏன்?"

"கிட்டவெண்டு."

அவள் கெட்டிக்காரி. பாதை பூட்டின கதை இந்த மண்ணில் பிறந்த பிள்ளைக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள், "அப்ப ஏன் எனக்கும் அதையே சொன்னனீங்கள்?"

காலம் மாறிவிட்டது, இப்போது பாதை திறந்திருக்கிறது, அம்மா பாவம் என்று நூறு மறுமொழி இருந்தது. 

"எரிச்சலில, பிள்ளை. நீ போறது எனக்குப் பொறுக்கேல்ல. நான் அங்க மருந்து குடுக்கிறேல்ல, நிலம் துடைக்கிறன்."

தாயும் மகனும் எழும்பிப் போக, கணினியில் தட்டுகிற கடைப் பெண் "அடுத்தது ஆர்?" என்று கேட்டாள். "ஒரு நிமிசம் அக்கா" என்றாள் நிரோசா.  அவளுக்குக் கோபம் வந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"நேற்றே சொல்லியிருக்கலாமே சின்னம்மா. அம்மா மெழுகுதிரியும் கொளுத்திப்போட்டா. இனி அவாக்கு ஆர் சொல்லுறது?"

"நான் சொல்லுறன்" என்றேன்.

அவள் எழும்பிப் போய்க் கண்டியின் குறியீட்டை முதலாவதாகச் சொன்னாள். பின்னால் நின்ற எனக்கு, அந்தப் பெண் தட்டிய ஒவ்வொரு எழுத்தும் நெஞ்சிலே விழுந்தது. சரியானதைச் செய்தால் எரிச்சல் அடங்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வீட்டுக்கு வந்து இரண்டையும் அக்காவிடம் சொன்னேன். நிலம் துடைக்கிற கதையைக் கேட்டு, "அதுக்கென்ன, சொல்லியிருக்கலாம்தானே" என்றாள். கண்டிக் கதையைக் கேட்டு எழும்பிக் குசினிக்குப் போனாள். நான் வெளிக்கிடும் மட்டும் சோறு போட்டாள், முகம் தரவில்லை.

நிரோசாவுக்குக் கண்டி கிடைத்தது. போய் இரண்டு மாதம். வெள்ளை மேலங்கியோடு எடுத்த படத்தை அனுப்பியிருந்தாள். பின்னால் மலை. படத்தைப் பெரிதாக்கி அவள் முகத்தைப் பார்க்கவில்லை, மேலங்கியின் பொத்தான்களைப் பார்த்தேன். இப்போதெல்லாம் காலையில் எழும்பியதும் என் கைபேசியில் நான் முதலில் பார்ப்பது இங்கே பனி கொட்டுமா என்றில்லை, முல்லைத்தீவில் கடல் எப்படி என்றுமில்லை. கண்டியில் மழையா என்று பார்க்கிறேன். நான் ஒருநாளும் கால் வைக்காத ஊர். இன்றைக்கும் மழை என்று போட்டிருந்தது. குடை கொண்டு போ பிள்ளை என்று எழுதி அனுப்பிவிட்டு, அந்த மழையில் நனையக் கிடைக்காதவளாக வேலைக்கு நடந்தேன்.