மணல் மூட்டைச் சோதனை

வேலையில் அவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க மேலே போய்க் கீழே வருவது போதவில்லை போலிருக்கிறது, வீட்டுக் கூடத்தில் ஒற்றை ஆள் விமானம் ஒன்றைக் கட்ட ஆரம்பித்தார். அதற்கப்புறம் அந்தக் கூடத்தில் யாரும் நிமிர்ந்து நடந்ததில்லை. பள்ளிச் சீருடை தைத்துப் பாதிக் குடும்பத்தை ஓட்டிய மனைவியின் தையல் மெஷின் அடுப்படிக்குப் போனது. மகள் இறக்கைக்கு அடியில் உட்கார்ந்து படித்தாள்.

சட்டமெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. சொந்தமாகக் கட்டலாம், ஒரே இருக்கைதான், எடை வரம்பைத் தாண்டக் கூடாது, வீடுகளுக்கு மேலே பறக்கக் கூடாது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். பெண்டாட்டி பிறந்தநாள் மட்டும் வாயில் வராது. அவள் காய்ச்சலில் தள்ளாடி இறக்கையைப் பிடித்துக்கொண்ட அன்று, பதறி ஓடி வந்தவர் இறக்கையைத்தான் தடவிப் பார்த்தார்.

மிச்சமிருந்தது மணல் மூட்டைச் சோதனை. விமானத்தைக் குப்புறக் கவிழ்த்து, பறக்கும்போது இறக்கை சுமக்கிற பாரத்தைப்போலப் பல மடங்கு மணலை அதன்மேல் அடுக்க வேண்டும். தாங்கினால் பரிசோதகர் கையெழுத்துப் போடுவார். ஒடிந்தால் ஒடிந்ததுதான்.

அவள் அதைத்தான் நம்பியிருந்தாள். புருஷன் சாக வேண்டும் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. அந்த விமானம் சாக வேண்டும், அவ்வளவுதான். பரிசோதகரைக் கூட்டி வர அவர் கிளம்பியதும், எடை போட்டுக் கட்டி வைத்திருந்த பாலிதீன் மூட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, ஹோஸ் பைப்பைச் செருகித் தண்ணீர் விட்டாள். மணல் குடித்துவிட்டு ஒன்றும் தெரியாதது போல இருந்தது. மறுபடி இறுக்கிக் கட்டினாள்.

மூட்டை தூக்க வந்த அவள் தம்பி மட்டும் கனக்கிறது என்று முனகினான். தின்கிற சோறெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டு மெக்கானிக் அவன் வாயை அடைத்தார். கடைசி வரிசை ஏறியதும் எங்கோ மரம் முனகும் சத்தம் கேட்டது. இறக்கை வளைந்தது, ஆனால் ஒடியவில்லை. பரிசோதகர் கையெழுத்துப் போட்டு, சாயங்காலமே பறக்கலாம் என்றார்.

அந்த முனகல் அவள் காதை விட்டுப் போகவில்லை. ஒடிய வேண்டிய இறக்கை உள்ளுக்குள் மட்டும் முறிந்திருந்தால்? வாயைத் திறந்தால் மானம் போகும், திறக்காவிட்டால் ஆளே போய்விடலாம்.

"மூட்டையில தண்ணி ஊத்தினேன். காலையில. எல்லாத்துலயும்," என்றாள்.

பரிசோதகர் ஒரு மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார். ஈரக் கையாலேயே காகிதத்தைத் திரும்ப வாங்கிக் கிழித்தார். வரம்பு மீறிப் பாரம் ஏறிய இறக்கையை உள்ளே திறந்து பார்க்காமல் பறக்க விட முடியாது என்றார். திறப்பதென்றால் அறுப்பது. அறுத்தபின் அது இறக்கையே இல்லை.

மெக்கானிக் ரம்பத்தைக் கொண்டு வந்து தானே அறுத்தார். உள்ளே ஓடிய நடு விட்டத்தில் ஒரு கீறல் கூட இல்லை. கவிழ்த்த விமானத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்த பலகைதான் முனகி விரிசல் விட்டிருந்தது.

அவள் அழுதாள். அவமானத்தில் அழுதாளா, ஆள் தப்பித்த நிம்மதியில் அழுதாளா என்று அவளுக்கே விளங்கவில்லை. அவர் அறுபட்ட விட்டத்தை அளக்க ஆரம்பித்திருந்தார்.

"புது றெக்கை தேறுற வரைக்கும் நீ உன் தம்பி வீட்ல போய் இரு," என்றார், தலையைத் தூக்காமல்.

எத்தனை வருஷம் என்று அவள் கேட்கவில்லை. மகளையும் கூட்டிப் போகட்டுமா என்று மட்டும் கேட்டாள்.

"அவ இருக்கட்டும். எனக்குப் பிடிச்சுக்க ஆள் வேணும்."

அளவு டேப்பின் மறுமுனையை நீட்டினார். மகள் அம்மாவைப் பார்க்காமல் அதை வாங்கிப் பிடித்துக்கொண்டாள்.