படிக்கட்டில் தொங்கியவர்கள்

தேனாம்பேட்டை சிக்னல் தாண்டியதும், படிக்கட்டில் தொங்கிய பையன்கள் பஸ்ஸின் தகரத்தில் தாளம் போட ஆரம்பித்தார்கள். அந்தச் சத்தத்தில் எனக்கு மறுபடியும் பத்து வயதாகிவிட்டது.

அப்பா கல்லூரியில் இலக்கியம் நடத்தினார். கடலோடிகளையும் மலையேறிகளையும் பற்றிய கதைகளைப் புகழ்ந்து கட்டுரை கட்டுரையாக எழுதுவார். ஆபத்தை நேசிக்காதவன் பாதிதான் வாழ்கிறான் என்பார். பஸ்ஸில் மட்டும் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தபடி கத்துவார்: "தம்பி, உள்ள வாங்கப்பா! விழுந்துடப் போறீங்க!"

"பெருசு, கம்முனு குந்து!" என்று வரும் பதிலுக்கு பஸ்ஸே சிரிக்கும். எனக்கு மானமே போகும். அவர் மகன் இல்லை என்பதுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். அப்பா அடுத்த ஸ்டாப்பிலும் கத்துவார்.

இன்று ஒருவனின் கால் படியில் வழுக்கி, நல்லவேளையாக ஊன்றிக்கொண்டது. "உள்ள வாப்பா" என்று சொல்ல வாயெடுத்தேன். சிரிப்பார்களே என்று பயந்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.