இருபத்தேழு பெட்டியில் ஏழு

ஜெயரூபி என்ன வேலை செய்கிறாள் என்று அன்புவழிபுரத்தில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். பாஸ்போர்ட் படிவம் நிரப்பித் தருவாள் என்பார் ஒருவர். போன் திருத்துவாள் என்பார் இன்னொருவர். பெற்ற தாய் குணேஸ்வரியே, மகள் கொம்பியூட்டரில் மீன் விற்கிறாள் என்று கோயிலடியில் சொல்லித் திரிந்தார். வங்கியில் கிடைத்த நிரந்தர வேலையை முப்பத்திரண்டு வயதில் உதறிவிட்டு வந்தவளுக்கு இந்தப் பேர் தேவைதான்.

அம்மா சொன்னதில் பாதி உண்மை. குச்சவெளியில் பதினாலு வள்ளங்கள் சேர்ந்த ஒரு சங்கம் இருந்தது. அவர்களுடைய சூரை மீனை ஒரு வெளிநாட்டுக் கம்பனி வாங்கியது. எந்த மீனை எந்த வள்ளம் பிடித்தது என்று தெரியாமல் அந்தக் கம்பனி ஒரு செதிலைக்கூடத் தொடாது. அதனால் ஒவ்வொரு ஐஸ் பெட்டிக்கும் ஓர் இலக்கம் ஒட்டினார்கள். கடலில் பெட்டி நிறைந்ததும் ஒருதரம், கரையில் இறக்கியதும் ஒருதரம் போனில் பதிவார்கள். பதிவு நேரே பிளாக்செயினில் போய் விழும். பல நாட்டுக் கணினிகளில் ஒரே நேரத்தில் இருக்கும் பொதுக் கணக்குக் கொப்பி அது. விழுந்ததை எந்தக் கொம்பனாலும் அழிக்க முடியாது. அங்கே பதிவுகளை வாங்கி ஒழுங்காக வைக்கும் நிரலுக்கு ஸ்மார்ட் கொன்ட்ராக்ட் என்று பேர். அதை எழுதியவள் ஜெயரூபி. கிண்ணியா ஸஜ்ஜாத் நடத்திய அலுவலகத்தில் மொத்தம் மூன்று பேர், அதில் அவள்தான் நிரல்காரி.

வைகாசியில் கம்பனியின் பரிசோதகரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அவர் கொன்ட்ராக்டிடம் பதிவுகளைக் கேட்டுப் பார்த்திருக்கிறார். பதினோராம் இலக்க வள்ளம் சனிக்கிழமைகளில் மட்டும் பெட்டி பெட்டியாகக் கொண்டுவருகிறது. கடைசிச் சனிக்கிழமை இருபத்தேழு. இரண்டு பேர் ஆறு மணித்தியாலத்தில் இத்தனை பிடிக்க முடியாது, ஆகவே வெளியில் வாங்கிய களவு மீன் என்பது அவர் முடிவு. அடுத்த புதன்கிழமைக்குள் சரியான விளக்கம் வராவிட்டால் பதினாலு வள்ளத்தையும் பட்டியலில் இருந்து வெட்டிவிடுவார்களாம்.

பதினோராம் வள்ளம் கிறிஸ்தோபருடையது. மாதா கோயிலில் வாசகம் வாசிக்கிற மனிதர். கதை அவர் காதுக்கு எட்டும் முன்னாலேயே குச்சவெளி முழுக்கப் பரவிவிட்டது. ஞாயிறு பூசை முடிந்து வந்தவரை, வாசலில் நின்ற இரண்டு பேர் "சனிக்கிழமைக் கள்ளன்" என்று அவர் காதில் விழவே சொன்னார்கள்.

ஸஜ்ஜாத் கெட்டவன் இல்லை, பயந்தவன். பதினோராம் வள்ளத்தை நாங்களே விலக்கிவிட்டோம் என்று எழுதினால் மற்றப் பதின்மூன்றும் தப்பும் என்றான். ஜெயரூபிக்குச் சுள்ளென்று ஏறியது. ஒரு மனிதனின் பேரை வெட்டி எறிவதற்கு முன்னால் அந்த மனிதனிடம் ஒரு சொல் கேட்கக்கூடாதா என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலை குச்சவெளி பஸ் ஏறினாள்.

கிறிஸ்தோபர் கரையில் எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் கேட்டதும் அவர் கோபப்படவில்லை. இதையும் கேட்க வேணுமா என்பது போலப் பார்த்தார்.

"சனிக்கிழமை நான் வெள்ளென, மற்றவைக்கு முந்தியே கரைக்கு வந்திடுவன் தங்கச்சி. ஞாயிறு பூசைக்கு வீட்டில நிக்கவேணும். மீன் நிக்கிற இடத்தை விட்டிட்டு மற்றவை ஏன் வரப்போகினம்? முத்தலிப்பின்ர பெட்டி, குணரத்தினத்தின்ர பெட்டி எல்லாத்தையும் ஏத்திக்கொண்டு வாறனான். முதல் கரைக்கு வாறவன் கொண்டுவாறதுதானே இஞ்சத்த வழக்கம்."

ஊருக்கெல்லாம் தெரிந்த வழக்கம், நிரல் எழுதினவளுக்கு மட்டும் தெரியாது. பிடித்தவன்தான் இறக்குவான் என்று ஏசி அறைக்குள் இருந்து அவளே முடிவெடுத்திருந்தாள். பெட்டிக்கு ஒரு வள்ளம் என்று ஒரேயோர் இடம்தான் வைத்திருந்தாள். கரையில் பதிந்ததும், கொண்டுவந்த வள்ளத்தின் இலக்கம் பிடித்த வள்ளத்தின் இலக்கத்துக்கு மேலேயே ஏறி உட்கார்ந்துவிடும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். வெட்கத்தில் அவளுக்கு முகம் எரிந்தது. பிழை என்னுடையது அண்ணை என்று அந்த இடத்திலேயே சொன்னாள். அவர் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார். அது அவளை இன்னும் கூடச் சுட்டது.

திரும்பும் பஸ் நிலாவெளி தாண்டும்போதுதான் அவளுக்கு மூளையில் பொறி தட்டியது. கொன்ட்ராக்ட் ஒரு கரும்பலகை போலத்தான், கடைசியாக எழுதியதை மட்டும் காட்டும். ஆனால் ஒவ்வொரு பதிவின்போதும் ஒரு குறிப்பையும் வெளியிடும்படி அவள் எழுதியிருந்தாள். நிரல்காரர் அதை ஈவன்ட் என்பார்கள். கொன்ட்ராக்டுக்கே அதைத் திரும்ப வாசிக்கத் தெரியாது, பரிசோதகர் கேட்டதோ கொன்ட்ராக்டை மட்டும். வெளியில் இருந்து பிளாக்செயினைக் கேட்டால் பழைய குறிப்புகள் அத்தனையும் வரும். ஆனால் கடலில் பதிந்த குறிப்பில் வள்ள இலக்கத்தைப் போட்டாளா? பதிகிற ஒவ்வோர் எழுத்துக்கும் பிளாக்செயினில் கட்டணம், அதை மிச்சம் பிடிக்கிறேன் என்று விட்டுவிட்டாளா? பஸ் ஒவ்வொரு தரிப்பிலும் நின்று நின்று அவள் உயிரை வாங்கியது.

அலுவலகத்துக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். போட்டிருந்தாள். ஆனால் வள்ள இலக்கத்தைச் சொல்லித் தேட வழி வைக்கவில்லை, பெட்டி இலக்கத்தைச் சொல்லித்தான் தேடலாம். யானைக்கும் அடி சறுக்கும், இவளுக்கு இரண்டு தரம் சறுக்கியிருந்தது. பெட்டி பெட்டியாகக் கேட்டாள். நீண்ட காலத்துக்குச் சேர்த்துக் கேட்டால் சேவர் கணினி பதில் தர மறுத்தது. சரி என்று அரைநாள் அரைநாளாக வெட்டிக் கேட்டாள். அரை வருசத்து இருபத்தாறு சனிக்கிழமைகள். முதல் பெட்டிக்கு விடை வந்தது. பிடித்தது நாலாம் வள்ளம், இறக்கியது பதினோராம் வள்ளம். நாலு முத்தலிப்புடையது. அவள் மேசையில் அடித்த அடியில் ஸஜ்ஜாத் கரண்ட் அடித்துவிட்டதாக்கும் என்று ஓடி வந்தான்.

புதன்கிழமை பின்னேரம் அலுவலகத்தில் கூட்டம். கிறிஸ்தோபர், முத்தலிப், குணரத்தினம் மூவரும் சலவைச் சட்டையோடு வந்து கதிரைகளில் இருந்தார்கள். திரையில் பரிசோதகர். ஜெயரூபி முதலில் தன் பிழையைச் சொன்னாள். வேலை போனாலும் போகட்டும் என்று நினைத்துத்தான் சொன்னாள். ஸஜ்ஜாத் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு, தான் எடுத்த விடைகளைக் காட்டாமல், கேட்ட கேள்வியை மட்டும் அவருக்கு அனுப்பினாள்.

"என்னை நம்பத் தேவையில்லை. இதை உங்கட கணினியில போட்டு நீங்களே கேட்டுப் பாருங்கோ" என்றாள் ஆங்கிலத்தில். ஸஜ்ஜாத் மற்றவர்களுக்கு அதைத் தமிழில் சொன்னான்.

பரிசோதகர் கேட்டுப் பார்த்தார். ஒரு பெட்டி, இன்னொரு பெட்டி, பிறகு வேறொரு சனிக்கிழமை. கடைசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கிறிஸ்தோபரின் பேரைச் சொல்லி அழைத்து மன்னிப்புக் கேட்டார். பதினாலு வள்ளமும் பட்டியலில் இருக்கும், பிடித்தவருக்கும் கொண்டுவந்தவருக்கும் தனித்தனி இடம் வைத்து நிரலைத் திருத்தினால் போதும் என்றார். ஜெயரூபிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. இரண்டையும் அவள் மறைக்கவில்லை.

இருபத்தேழு பெட்டியின் கணக்கும் திரையில் நின்றது. முத்தலிப் பதினொன்று, குணரத்தினம் ஒன்பது, கிறிஸ்தோபர் ஏழு.

முத்தலிப் சும்மா இருப்பாரா? இருபத்தேழு என்று வெளிநாடு வரைக்கும் பேர் எடுத்த மனுசன் பிடித்தது ஏழுதானா என்று சீண்டினார். கிறிஸ்தோபர் அதைக் காதில் வாங்கவில்லை. அந்தப் பக்கத்தை ஒரு தாளில் அடித்துத் தரும்படி ஜெயரூபியிடம் கேட்டு வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், அதே வாசலில், அதே இரண்டு பேருக்கு முன்னால் அந்தத் தாளை விரித்துப் பிடித்தார்.

"வடிவாப் பாருங்கோ. ஏழு. ஏழே ஏழு பெட்டிதான் நான் பிடிச்சனான்."

குறைவாகப் பிடித்ததை இவ்வளவு பெருமையாகச் சொன்ன மீனவனைக் குச்சவெளி அதுவரை கண்டதில்லை.