காபிக்கு வந்த சபை

தெர்மாமீட்டரைத் தண்ணீரிலிருந்து எடுத்துக் கைக்குட்டையில் துடைத்துவிட்டு, அடுப்பைக் கொஞ்சம் தணிக்கிறார் காபிக்காரர். ஞாயிற்றுக்கிழமை காலை, மணி பத்தேகால். சுவருக்கு அந்தப் பக்கம் ஆலயத்தில் பிரசங்கம் நடக்கிறது. இந்தப் பக்கம் சமையலறையில் இவர் கொதித்த தண்ணீரைச் சற்று ஆறவிட்டுக்கொண்டிருக்கிறார். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் தூள் கருகிவிடும் என்பது இவர் கட்சி. "அவசரப்பட்டா காபிக்குக் கோவம் வந்துரும்" என்பார். மனிதர்களின் கோபத்தைப் பற்றி அவருக்கு அவ்வளவு அக்கறை கிடையாது.

முப்பத்திரண்டு வருடம் குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு வாய் தண்ணீரை நாக்கில் உருட்டிவிட்டு, அது எந்தத் தொட்டியிலிருந்து வந்தது, குளோரின் எவ்வளவு கூடிப்போயிற்று என்று சொல்லிவிடுவார். சனிக்கிழமை மதியமே வந்து மூன்று அகலப் பாத்திரங்களில் தண்ணீர் பிடித்து, மெல்லிய துணியால் மூடி வைத்துவிட்டுப் போவார். மறுநாளைக்குள் மருந்து வாடை போய்விட வேண்டும். காபி அருமை என்று யாராவது பாராட்டினால் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "தண்ணி நல்லா இருந்துச்சு" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

பக்தி முற்றி இங்கே வந்தவரும் அல்ல. மனைவி பாடகர் குழுவில் இருபது வருடமாகப் பாடுகிறார். இவர் அவரை வாசலில் இறக்கிவிட்டு, காரிலேயே உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பார். ஒருநாள் அடைமழை. வேறு வழியில்லாமல் ஆலயத்தை ஒட்டிய கூடத்துக்குள் வந்தவர் கையில் யாரோ ஒரு கப்பைத் திணித்துவிட்டார்கள். காலை ஏழு மணிக்குப் போட்டு, பத்தரை வரை சூடுபண்ணிக்கொண்டே இருந்த காபி. துப்ப இடமில்லாததால் விழுங்கினார். அந்த வளாகத்தில் தான் பட்ட பெரிய பாடு அதுதான் என்று இன்றைக்கும் சொல்வார். அடுத்த வாரம் வீட்டு மிக்ஸியையும் ஒரு பை காபிக்கொட்டையையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். இவரை ஆலயத்துக்குள் வரவழைக்க இருபது வருடம் ஜெபம் பண்ணிய மனைவிக்கு, சமையலறை வாசல் வழியாக வருவார் என்று மட்டும் தோன்றியிருக்கவில்லை.

வந்ததும் சட்டதிட்டங்கள் பிறந்தன. கொட்டையை அங்கேயே, அப்போதே அரைக்க வேண்டும். சர்க்கரையை அவர்தான் போடுவார். இரண்டாவது கப் கிடையாது. "ரெண்டாவது கேட்டீங்கன்னா மொதல்ல குடிச்சதுல ஏதோ கொறைன்னு அர்த்தம்" என்று சபைக்குழுத் தலைவரையே திருப்பி அனுப்பியிருக்கிறார். தலைவரும் குற்றவாளிபோலக் கப்பைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

பெரிய சிக்கல் நேரம்தான். காபி இறங்கிப் பத்து நிமிடத்துக்குள் கைக்குப் போக வேண்டும். பிரசங்கமோ போதகர் கையில். சமையலறை ஒலிபெருக்கியில் "கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன்" என்று கேட்டதும், முதல் மாதம் இவர் நம்பித் தண்ணீரை ஊற்றினார். போதகர் முடிக்கவில்லை. மூன்று பாத்திரம் காபி சாக்கடைக்குப் போயிற்று. அதன் பிறகுதான் காதைத் தீட்டிக்கொண்டார். "நம்ம ஐயாவுக்கு மூணு கடைசி. மூணாவதுதான் நெஜம்." எது எத்தனையாவது என்று தெரிய வேண்டுமானால் முதல் வார்த்தையிலிருந்து விடாமல் கேட்க வேண்டும். ஆக, அந்தப் பிரசங்கங்களை ஒரு சொல் விடாமல் கேட்கிறவர் சபையில் இவர் ஒருவர்தான். மதியச் சாப்பாட்டின்போது மனைவிக்கே நினைவில்லாததை வரிசையாக ஒப்பிப்பார். மனைவி சிரித்தால், "நான் எங்க கேட்டேன்? நேரந்தான் பாத்தேன்" என்று கறாராகச் சொல்லிவிடுவார்.

காபியின் பேர் பரவ, கூட்டமும் கூடியது. ஒரு குடும்பம் மூன்று மாதமாக, ஆராதனைக்கு வராமல், பத்தே முக்காலுக்குச் சரியாகப் பக்கவாட்டுக் கதவு வழியாக வந்து, குடித்துவிட்டு, எல்லோரிடமும் நலம் விசாரித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் அந்தக் குடும்பத் தலைவர் போதகரிடமே, "நீங்க இங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். போதகர் சிரித்துவைத்தார். வியாழக்கிழமையே உட்கார்ந்து மூன்று நாள் அடித்துத் திருத்திப் பிரசங்கம் எழுதுகிற மனிதர் அவர். அந்தக் கேள்வி அவருக்கு எங்கோ போய்த் தைத்துவிட்டது.

அன்று காபிக்காரர் கப்புகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தபோது போதகர் சமையலறைக்கு வந்தார்.

"அண்ணே, ஒரு நாலு வாரம் காபிய நிறுத்திப் பாக்கலாமா?"

"ஏன் ஐயா, கொறை ஏதாவது?"

"கொறை இல்லாததுதான் தொல்லை. இவங்க எதுக்கு வர்றாங்கன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

காபிக்காரருக்கு அது ஏற்கெனவே தெரியும். தெரிந்ததைப் போதகரும் தெரிந்துகொள்ளட்டும் என்று உள்ளுக்குள் ஒரு குஷி. "பாத்துருவோம்" என்றார். அன்று மாலையே சபையின் வாட்ஸ்அப் குழுவில் நான்கு வாரம் காபி இல்லை என்று செய்தி போயிற்று.

அடுத்த ஞாயிறு, இஸ்திரி போட்ட சட்டையோடு முதல்முறையாக ஆலயத்துக்குள் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அங்கிருந்தால்தான் தலைகளை எண்ண வசதி. வழக்கமாக நூற்று நாற்பது பேர். இன்று பாடகர் குழுவையும் சேர்த்து முப்பத்தெட்டு. முதல் நான்கு வரிசையில் ஈ, காக்கை இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. நானா போதகரா என்ற வழக்கில் தீர்ப்பு இவ்வளவு சீக்கிரம் வரும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

பிரசங்கம் தொடங்கியது. ஒலிபெருக்கியில் குரலை மட்டும் கேட்டுப் பழகியவருக்கு ஆள் புதிதாகத் தெரிந்தார். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் குதிகாலை உயர்த்தி, கேட்கிறார்களா என்று முகங்களைத் தேடுவார் என்று ஒலிபெருக்கி சொன்னதில்லை. இன்று தேடிய கண் காலி பெஞ்சுகளில் வரிசை வரிசையாக முட்டிக்கொண்டு வந்து, கடைசியில் இவர்மேல் நின்றது. அந்த நேரம் பார்த்து இவர், பழக்கதோஷத்தில், கையை மடக்கிக் கடிகாரத்தைப் பார்த்தார்.

போதகர் அதைக் கவனித்துவிட்டார். மூன்று தாள்களைச் சேர்த்துப் புரட்டினார். குரல் தணிந்தது.

காபிக்காரருக்குச் சுருக்கென்றது. போதகர் ஒரு குருட்டுப் பையனைப் பற்றிச் சொல்லத் தொடங்கியிருந்தார்; அவன் ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்வதற்குள் கதை அந்தத் தாள்களோடு போய்விட்டது. மூன்று நாள் எழுதியதில் பாதி. கெட்டுப்போகாத காபியைத் தானே சாக்கடையில் கொட்டியதுபோல் வெட்கமாக இருந்தது. ஜெயித்த சந்தோஷம் எங்கே போனதென்று தெரியவில்லை. போதகரோ மிச்சத் தாள்களையும் தட்டி ஒழுங்குபடுத்தத் தொடங்கிவிட்டார்.

காபிக்காரர் எழுந்தார். மனிதர் பாதியில் வெளியே போகிறார் என்று நினைத்துப் பாடகர் குழுவிலிருந்து மனைவி கண்ணாலேயே அதட்டினார். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பெஞ்சுகளுக்கு நடுவே நேராக நடந்துபோய், ஆளில்லாத முதல் பெஞ்சின் நட்டநடுவில் உட்கார்ந்து, போதகர் பார்க்கும்படியாகக் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.