முட்டியைக் காட்டிய வலி

ஜூன் மாதம், பள்ளி திறந்த முதல் வாரம். தாம்பரம் ரயில் நிலைய மேம்பாலத்தில் என் மகன் ஜோயல் எனக்குப் பின்னால் ஏறி வந்துகொண்டிருந்தான். பாதிப் படியில் திரும்பிப் பார்த்தேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். இடது பாதம் நேராக இருந்தது. வலது பாதம் மட்டும் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது. "முட்டி வலிக்குதும்மா" என்றான். கீழே ரயில் வந்துகொண்டிருந்தது. சீக்கிரம் வா என்றேன்.

இப்போது ஜனவரி. வரும் வியாழக்கிழமை அவனுக்கு இடுப்பு மூட்டில் அறுவைச் சிகிச்சை. எல்லாம் முடிந்த பிறகு எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நல்லபடியாக முடிந்தால் இந்த ஏழு மாதங்களை நானே சுருக்கிச் சொல்லிவிடுவேன். இல்லையென்றால் எழுதவே மாட்டேன். அதனால் இப்போதே எழுதுகிறேன்.

ஜோயலுக்குப் பதினான்கு வயது. ஒன்பதாம் வகுப்பு. கொஞ்சம் பருமனான உடம்பு. பெருங்களத்தூரில் எங்கள் வீட்டருகே இருக்கும் மருத்துவர் முட்டியை அழுத்திப் பார்த்து, எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். எலும்பில் ஒன்றும் இல்லை. வளர்கிற வயதில் வருகிற வலி, எடையைக் குறைத்தால் போய்விடும் என்றார். நான் படித்தவள், சொன்னதை ஒழுங்காகச் செய்பவள். மறுநாள் காலையிலிருந்தே அவனைத் தெருவில் பத்துச் சுற்று நடக்க வைத்தேன். ஐந்தாவது சுற்றில் நொண்டுவான். சோம்பல் என்று நினைத்தேன்.

ஆகஸ்டில் இன்னொரு எக்ஸ்ரே, அக்டோபரில் மூன்றாவது. மூன்றும் முட்டிக்கு. பிசியோதெரபி நிலையத்தில் மெழுகு ஒத்தடம் கொடுத்தார்கள். அதுவும் முட்டிக்கு.

இதற்கு நடுவில் நடந்த ஒன்றைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தம் இல்லை.

எங்கள் வீட்டில் தினமும் மாலை ஏழரை மணிக்குக் குடும்ப ஜெபம். பாய் விரித்து, ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், பிறகு மூன்று பேரும் முழங்கால்படியிட்டு ஜெபம். கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் கணவர் சாமுவேலுக்கு இரண்டாவது ஷிப்ட் வரும் வாரங்களில் நானே நடத்துவேன். செப்டம்பரில் ஜோயல் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று சொல்ல ஆரம்பித்தான். எங்கள் சபையில் அந்த வயதுப் பிள்ளைகள் சிலர் ஆராதனைக்கு வருவதையே நிறுத்தியிருந்தார்கள். இவனும் அந்தப் பக்கம் போகிறான் என்று பயந்தேன்.

"மூணு மணி நேரம் போன் பாக்க முடியுது. அஞ்சு நிமிஷம் முட்டி போட முடியலையா?"

"முட்டி போட்டா வலிக்குதும்மா. உக்காந்து ஜெபம் பண்ணா அவருக்குக் கேக்காதா?"

அந்தப் பதில்தான் என்னைச் சுட்டது. வலி என்ற சொல் காதில் விழவே இல்லை. பாயைக் காட்டினேன். அவன் இறங்கினான். உடம்பின் பாரம் முழுவதையும் இடது காலில் வைத்து, வலது காலை ஓரமாக விரித்துப் போட்டுக்கொண்டான். எனக்கு அது கேலி செய்வதுபோல் தோன்றியது. ஜெபத்தின் நடுவிலேயே கண்ணைத் திறந்து, கை நீட்டி அவன் காலைப் பிடித்து உள்பக்கமாகத் தள்ளி நேராக்கினேன். அவன் கத்தவில்லை. பாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். அதன் பிறகு எத்தனை நாள் அப்படித் தள்ளினேன் என்பது சரியாக நினைவில்லை. ஒரு நாள் அல்ல என்பது மட்டும் தெரியும்.

ஜனவரி முதல் வாரம் குளியலறைக்குப் போகவே சுவரைப் பிடித்தான். மேடவாக்கத்தில் குழந்தைகளுக்கான எலும்பு மருத்துவர் ஒருவரிடம் போனோம். அவர் முட்டியைத் தொடவே இல்லை. ஜோயலைப் படுக்கவைத்து, வலது காலை மடக்கி மார்பை நோக்கி மெதுவாக உயர்த்தினார். கால் நேராக மேலே வரவில்லை. தானாகவே வெளிப்பக்கம் சுழன்று போனது. உள்பக்கம் திருப்ப முயன்றபோது அவன் கட்டில் விளிம்பைப் பிடித்தான். அந்தப் பிடியை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன்.

இடுப்பு எக்ஸ்ரே வந்தது. தொடை எலும்பின் மேல்நுனியில் ஒரு பந்து இருக்கிறது. அதற்குக் கீழே குரோத் பிளேட் (எலும்பு வளர்கிற குருத்தெலும்புத் தட்டு). வேகமாக வளரும் வயதில் சிலருக்கு அந்தத் தட்டு பலவீனமாகி, பந்து நழுவிவிடும். படத்தில் அது காம்பிலிருந்து ஒருபக்கமாகச் சரிந்த காளான் குடைபோல் இருந்தது. இடுப்பில் கோளாறு இருந்தாலும் வலி முட்டியில் தெரியலாம், நரம்புகள் அப்படி என்றார் மருத்துவர். இந்த நிமிஷத்திலிருந்து அந்தக் கால் தரையில் படக்கூடாது என்றும் சொன்னார்.

நழுவிய பந்தை இழுத்துச் சரிசெய்ய முடியாது. இழுத்தால் அதற்குப் போகும் மெல்லிய ரத்தக் குழாய்கள் அறுந்து, பந்தே மடிந்துபோகலாம். எனவே இருக்கிற இடத்திலேயே ஸ்க்ரூ போட்டு நிறுத்துவார்கள். அப்படிச் செய்தாலும் ரத்த ஓட்டம் தங்குமா என்பது மாதங்கள் கழித்துத்தான் தெரியும். தங்காவிட்டால் இருபது வயதுக்குள் செயற்கை மூட்டு வைக்கவேண்டி வரலாம். ஜூனில் வந்திருந்தால் சரிவு குறைவாக இருந்திருக்கும். இதை நான் கேட்காமல் அவர் சொல்லவில்லை. கேட்டேன், சொன்னார்.

ஜோயலைச் சக்கர நாற்காலியில் வெளியே அனுப்பிவிட்டு, காலை உள்பக்கம் தள்ளியதைச் சொன்னேன். மருத்துவர் மறுபடி எக்ஸ்ரேயைப் பார்த்தார்.

"அதனாலதான்னு சொல்ல முடியாதும்மா. இல்லவே இல்லைன்னும் சொல்ல முடியாது."

சாமுவேல் எழுந்து ஜோயலிடம் போனார். என்னை ஏதாவது திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

ரத்தப் பரிசோதனைகளுக்கும் அறுவை அரங்கு கிடைப்பதற்கும் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. அதனால் அவனை மருத்துவமனையிலேயே சேர்த்துக்கொண்டார்கள். சிறுநீர் பாட்டிலை நான் எடுத்துக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நிற்கவேண்டும். "திரும்பாத" என்று ஒவ்வொரு முறையும் சொல்வான். மூன்று வயது வரை குளிப்பாட்டிவிட்ட உடம்பு அது. இப்போது அவனுக்கே சொந்தமான உடம்பு. அதில் வலிக்கிறது என்று அவன் சொன்னபோது, இல்லை என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருந்தது என்று சுவரைப் பார்த்தபடி யோசிப்பேன்.

மன்னிப்புக் கேட்டேன். நிறைய சொல்ல வைத்திருந்தேன். அவன் கையிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்தான்.

"ஸ்கூல்ல பி.டி. சாருந்தான் ஓட விட்டாரு. நானும் டாக்டர்கிட்ட முட்டின்னுதான் சொன்னேன். விடும்மா." கொஞ்சம் பொறுத்து, "ஆனா அன்னிக்கு ரொம்ப வலிச்சுது" என்றான்.



இதே நிலையில் இருக்கும் பெற்றோருக்கு ஒன்றைச் சொல்ல முடியும். பிள்ளை முட்டியைக் காட்டினால், முட்டியில் ஒன்றும் இல்லையென்றால், இடுப்பையும் படம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மருத்துவர் முகம் சுளித்தாலும் கேளுங்கள். மற்றபடி அறிவுரை சொல்லும் இடத்தில் நான் இல்லை.

இடது பக்கம் இன்னும் நழுவவில்லை. ஆனால் நழுவலாம். அவன் வளர்ந்து முடித்து, குரோத் பிளேட் மூடும்வரை கவனித்துக்கொண்டே இருக்கவேண்டும். இரண்டு வருடம் ஆகலாம். சட்டென்று உயரும் மாதங்கள்தான் ஆபத்தானவை.

நேற்று மயக்க மருந்துக்கான பரிசோதனை. எடை, உயரம் வேண்டும். நிற்க முடியாததால் படுத்த நிலையிலேயே தலையிலிருந்து இடது குதிகால்வரை சிஸ்டர் டேப் பிடித்தார். ஒரு உடம்பை அப்படிக் கிடத்தி அளப்பதை என்னால் பார்க்க முடியவில்லை.

"நூத்தி அறுபத்தேழு" என்றார் சிஸ்டர்.

ஜூனில் நூற்று அறுபத்திரண்டு. ஃபைலில் இருக்கிறது. ஜோயல் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினான். இந்த ஒரு வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தான்.

"அப்பா நூத்தி அறுபத்தாறுதான். படுத்துக்கிட்டே தாண்டிட்டேன் பாத்தியா?"

பதினான்கு வருடம், இவன் வளரவேண்டும் என்பதற்காகவே ஒவ்வொரு கவளத்தையும் ஊட்டியவள் நான். போதும், இத்தோடு நின்றுவிடு என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"ஆமாடா, தாண்டிட்ட" என்றேன். போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த அவன் இடது பாதம் நேராகத்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே.